பூட்டை மட்டும் பார்த்தால் போதுமா?

கொட்டாஞ்சேனையில் வாழும் ஒருவர், வெள்ளவத்தையிலுள்ள ஓர் அலுவலகத்திற்குத் தமது வதிவிடத்தை உறுதிப்படுத்தும் பத்திரம் ஒன்றைச் சமர்ப்பிக்க வேண்டியிருக்கிறது என்க. அவர் முதலில் நாடுவது தம் பிரிவின் கிராம உத்தியோகத்தரையே. உத்தியோகத்தர் வாக்காளர் இடாப்பைப் பார்க்கிறார், விசாரிக்கிறார், பத்திரத்தில் ஒப்பமிடுகிறார். ஆயினும் வெள்ளவத்தை அலுவலகத்து எழுதுவினைஞருக்கு அந்தக் கிராம உத்தியோகத்தர் யாரென்பது தெரியாது. ஆகவே பத்திரம் கொழும்புப் பிரதேச செயலகத்திற்குச் சென்று, பிரதேச செயலாளரின் மேலொப்பத்தையும் முத்திரையையும் பெற்று வருகிறது. எழுதுவினைஞர் கிராம உத்தியோகத்தரை அறியாவிடினும் பிரதேச செயலகத்தின் முத்திரையை அறிவார். அறிந்த ஒருவரின் சொல்லைக் கொண்டு அறியாத ஒருவரை நம்பும் முறை இது.

அந்த எழுதுவினைஞர் தம் கடமையைச் சரிவரச் செய்பவராயின் நான்கு விடயங்களைப் பார்ப்பார். பத்திரத்திலுள்ள பெயர், எதிர்பார்க்கப்பட்டவரின் பெயர்தானா? ஒப்பமும் மேலொப்பமும் உரியவர்களால் இடப்பட்டவையா? பத்திரம் செல்லுபடியாகும் காலம் கடந்துவிட்டதா? பத்திரத்தைக் கையில் வைத்திருப்பவர்தாம் அதற்கு உரியவர் என்பதற்கு அடையாள அட்டை உண்டா? இந்த நான்கில் ஒன்றைப் பாராது விட்டாலும் மற்ற மூன்றையும் பார்த்ததனால் விளையும் பயன் இல்லை. பிறருடைய நற்பத்திரத்தை எடுத்து வந்தவனும், காலங்கடந்த பத்திரத்தை நீட்டுபவனும், தன் கையாலேயே முத்திரை குத்திக்கொண்டவனும் அந்த ஓர் இடைவெளியினூடாகவே உள்ளே நுழைந்துவிடுவார்கள்.

இந்த எழுதுவினைஞரின் வேலையை இன்று கணினி நிரல்கள் செய்கின்றன. இலங்கை மத்திய வங்கி 2018 ஆம் ஆண்டில் லங்கா க்யூ.ஆர். என்னும் தேசிய நியமத்தை வகுத்தது. இன்று காலி வீதியிலுள்ள கடையொன்றில் ஒருவர் பொருள் வாங்கிவிட்டுக் கைப்பேசியினால் பணம் செலுத்தும்போது, அவருடைய கைப்பேசி ஒரு கணினியிடம் கேட்கிறது. அக்கணினி இன்னொன்றிடம் கேட்கிறது. கேட்பவருக்கு நிரலாளர் மொழியில் கிளையன்ற் என்று பெயர். விடை தருபவருக்குச் சேர்வர், அஃதாவது வழங்கி என்று பெயர். இவ்விரண்டுக்கும் இடையே எச்.ரி.ரி.பி. என்னும் முறையில் செய்திகள் செல்கின்றன. அச்செய்திகளைக் காக்கும் உறைக்கு ரி.எல்.எஸ். என்று பெயர். இவ்வுறை சரிவர வேலை செய்கிறதா என்பதை, கடை திறக்குமுன் எவ்வாறு சோதிப்பது என்பதே இப்பேச்சின் பொருள்.

முதலில் சிறிது வரலாறு. 1995 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நெற்ஸ்கேப் நிறுவனம் எஸ்.எஸ்.எல். என்னும் காப்பு முறையை வெளியிட்டது. முதலில் வெளிவந்த பதிப்பில் குறைகள் இருந்தமையால் மறு ஆண்டிலேயே புதிய பதிப்பு வந்தது. 1999 இல் அம்முறை ஒரு நிறுவனத்தின் உடைமையாக இல்லாது, உலகப் பொது நியமமாகி, ரி.எல்.எஸ். என்னும் பெயரைப் பெற்றது. 2008 இல் அதன் 1.2 ஆம் பதிப்பும் 2018 இல் 1.3 ஆம் பதிப்பும் வந்தன. பழைய 1.0, 1.1 ஆகிய பதிப்புகள் இனிப் பயன்படுத்தத்தக்கவை அல்ல என்று 2021 ஆம் ஆண்டில் முறைப்படி அறிவிக்கப்பட்டது. இவற்றோடு இணைந்து செல்லும் அத்தாட்சிப் பத்திரத்தின் வடிவமோ இன்னும் பழையது. எக்ஸ் 509 என்னும் அந்நியமம் 1988 இல் வகுக்கப்பட்டது.

இவ்வுறை இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஒன்று, இடையில் நிற்பவர் செய்தியைப் படிக்கவோ மாற்றவோ முடியாதபடி மறைப்பது. மற்றையது, பேசுபவர் யார் என்பதை உறுதிப்படுத்துவது. முதல் வேலையையே பலரும் நினைக்கின்றனர். உலாவியின் மேல்விளிம்பில் ஒரு சிறு பூட்டுச் சின்னத்தைக் கண்டு பழகியவர்களுக்கு, பூட்டு என்றால் மறைப்பு என்றே தோன்றும். ஆனால் இரண்டாவது வேலை நடைபெறாவிடின் முதலாவது வேலையினால் யாது பயன்? கள்ளனோடு இரகசியமாகப் பேசினாலும் அதுவும் இரகசியமே. அறையின் கதவு நன்றாகப் பூட்டப்பட்டிருக்கிறது. ஆனால் உள்ளே உடனிருப்பவன் கள்ளன்!

இவ்வுறுதிப்பாடு நிகழும் விதம் அழகானது. வழங்கியிடம் இரண்டு திறப்புகள் உள்ளன. ஒன்று ஊருக்கெல்லாம் கொடுக்கப்படும் பகிரங்கத் திறப்பு. மற்றையது வெளியே செல்லவே செல்லாத இரகசியத் திறப்பு. இரகசியத் திறப்பினால் இட்ட ஒப்பத்தைப் பகிரங்கத் திறப்பினால் எவரும் சரிபார்க்கலாம். ஆனால் பகிரங்கத் திறப்பை வைத்துக்கொண்டு அவ்வொப்பத்தைப் போலியாக இட முடியாது. 1976 இல் விற்பீல்ட் டிபி, மார்ட்டின் ஹெல்மன் ஆகிய இருவர் வெளியிட்ட கருத்திலிருந்து வளர்ந்த கலை இது. அத்தாட்சிப் பத்திரம் என்பது, "இந்தப் பகிரங்கத் திறப்பு இந்தப் பெயருக்குரியது" என்று மூன்றாம் ஒருவர் ஒப்பமிட்டுக் கொடுக்கும் கடிதம். அம்மூன்றாமவரே அத்தாட்சி அதிகாரி. அவருக்கு மேலொப்பமிடுபவர் மூல அதிகாரி. மூல அதிகாரிகளின் பட்டியல் ஒன்று ஒவ்வொரு கணினியிலும் கைப்பேசியிலும் முன்கூட்டியே வைக்கப்பட்டிருக்கும். வெள்ளவத்தை எழுதுவினைஞர் அறிந்து வைத்திருந்த முத்திரைகளின் பட்டியல் போன்றதே அது.

கேட்கும் நிரல் வணக்கம் சொல்கிறது. வழங்கி தன் பத்திரத்தை நீட்டுகிறது. கூடவே, அதுவரை நடந்த உரையாடல் முழுவதற்கும் தன் இரகசியத் திறப்பினால் ஓர் ஒப்பம் இடுகிறது. அவ்வொப்பமே அடையாள அட்டைக்கு ஒப்பானது. பத்திரத்தின் பிரதியை எவரும் வைத்திருக்கலாம், ஆனால் அந்தக் கணத்தில் அந்த ஒப்பத்தை இட உரியவரால் மட்டுமே இயலும். இவையெல்லாம் கண் இமைக்கும் நேரத்தினும் குறைந்த நேரத்தில் முடிந்துவிடுகின்றன.

இத்தகைய உறுதிப்பாடு ஏன் வேண்டும் என்பதற்கு இலங்கையிலேயே ஒரு நிகழ்ச்சி உண்டு. 2021 ஆம் ஆண்டு பெப்ரவரி 6 ஆம் நாள், எல்.கே. என்று முடியும் சில இணையப் பெயர்களைத் தேடியவர்கள், தாம் நாடிய இடத்தை அடையவில்லை. கூகுள் நிறுவனத்தின் இலங்கைப் பெயரும் அவற்றுள் ஒன்று. தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் பிரச்சினை உள்ளிட்ட பல குறைகளை எடுத்துரைக்கும் வேறொரு பக்கத்திற்கே அவர்கள் கொண்டு செல்லப்பட்டனர். பெயருக்கு விலாசம் சொல்லும் ஏட்டில் எவரோ கைவைத்திருந்தனர். இடர் விரைவிலேயே களையப்பட்டது. அன்று வைக்கப்பட்டது ஒரு கண்டனப் பக்கம். அதற்குப் பதிலாக ஒரு வங்கியின் பக்கத்தைப் போன்ற போலிப் பக்கம் வைக்கப்பட்டிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? விலாசம் பொய்யாகும்போது, "நீர் யார்? பத்திரத்தைக் காட்டும்" என்று கேட்கும் நிரலே கடைசிக் காவலாக நிற்கிறது. பெயரேட்டையே நெடுநேரம் கைப்பற்றியவன் புதிய பத்திரம் ஒன்றைக்கூட ஏமாற்றிப் பெற்றுவிடலாம் என்பதும் உண்மையே. அதற்காகவே, வழங்கப்படும் பத்திரங்களையெல்லாம் எவரும் பார்வையிடக்கூடிய பகிரங்கப் பதிவேடுகளில் எழுதும் வழக்கம் வந்துள்ளது. ஆனால் கேட்கும் நிரல் பத்திரத்தைப் பார்க்கவே பார்க்காதாயின், கள்ளனுக்கு இந்தச் சிரமம்கூட இல்லை.

பாராத நிரலும் உண்டோ என்று நேயர்கள் வினவலாம். உண்டு, அது பிறக்கும் இடம் சோதனைக் கூடமே. உதாரணமாக, கொட்டாஞ்சேனையில் ஒரு மருந்துக் கடை. அதன் கணக்குகளையும் கொடுப்பனவுகளையும் ஒரு வழங்கிக்கு அனுப்பும் நிரலை, வெள்ளவத்தையில் மாடி அறையொன்றிலிருந்து ஓர் இளைஞர் எழுதுகிறார். உண்மையான வழங்கி இன்னும் ஆயத்தமாகவில்லை. ஆகவே தம் மேசைக் கணினியிலேயே ஒரு சோதனை வழங்கியை ஓடவிடுகிறார். அதற்கு அதிகாரி எவரும் ஒப்பமிட்ட பத்திரம் இல்லை. தானே தனக்கு ஒப்பமிட்ட பத்திரமே உண்டு. கேட்கும் நிரல் அதைப் பார்த்தவுடன், "இவ்வொப்பத்தை நான் அறியேன்" என்று மறுத்து நின்றுவிடுகிறது. நிரல் தன் கடமையைச் செவ்வனே செய்தது. ஆனால் இளைஞருக்கு அது தடையாகத் தோன்றுகிறது. நாளை மாலைக்குள் வேலையை முடிக்க வேண்டும். சரிபார்ப்பை நிறுத்திவிடும் ஒரு வரியை எழுதுகிறார். தடை நீங்குகிறது. "பிறகு எடுத்துவிடலாம்" என்று அருகில் ஒரு குறிப்பும் எழுதி வைக்கிறார்.

அந்தப் பிறகு வருவதேயில்லை. சரிபார்ப்பு நிறுத்தப்பட்ட நிரலுக்கும் நிறுத்தப்படாத நிரலுக்கும் வெளித்தோற்றத்தில் யாதொரு வேறுபாடும் இல்லை. இரண்டும் உண்மையான வழங்கியோடு நன்றாகவே பேசும். இரண்டும் செய்தியை மறைத்தே அனுப்பும். கடைக்காரர் குறை சொல்ல மாட்டார். வாடிக்கையாளர் அறிய மாட்டார். ஓட்டை இருப்பது தெரிய வருவது, அதனூடாக ஒருவன் நுழைந்த பின்னரே. அப்போது இழக்கப்படுவது அந்த இளைஞரின் பொருளன்று. மருந்து வாங்க வந்த முதியவரின் வங்கி அட்டை விபரமும், அவருக்கு என்ன நோய் என்னும் செய்தியுமே.

இது வெறுங்கற்பனை அன்று. 2012 ஆம் ஆண்டில் ரெக்சாஸ், ஸ்ரான்போட் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆய்வாளர் சிலர், உலாவி அல்லாத பிற நிரல்கள் பத்திரங்களை எவ்வாறு சரிபார்க்கின்றன என்று ஆராய்ந்தனர். தம் கட்டுரைக்கு, உலகின் மிக ஆபத்தான நிரல் என்று பொருள்படும் தலைப்பை இட்டனர். பெயர் பெற்ற நிறுவனங்கள் வணிகர்களுக்கு வழங்கிய கொடுப்பனவு நிரல்களும், இணையக் கடைகளை நடத்தும் மென்பொருள்களும், ஒரு பெரிய வங்கியின் கைப்பேசி நிரலும் பத்திரத்தைச் சரிவரப் பாராதிருப்பதை அவர்கள் கண்டனர். இந்நிரல்களை எழுதியவர்கள் மூடர்கள் அல்லர். பெரும் நிறுவனங்களில் பணியாற்றிய தேர்ந்தவர்கள்.

அவர்கள் கண்ட தவறுகளுள் ஒன்று கதை போலச் சொல்லத்தக்கது. லிப்கேர்ள் என்னும் பிரபலமான நிரல் நூலகத்தில், பெயரைச் சரிபார்க்கச் சொல்லும் ஒரு கட்டளை உண்டு. அதற்கு அக்காலத்தில் 2 என்னும் எண்ணைக் கொடுத்தால், பத்திரத்திலுள்ள பெயரும் நாடிய பெயரும் ஒன்றா என்று பார்க்கும். 1 என்று கொடுத்தால், பத்திரத்தில் ஏதேனும் ஒரு பெயர் உண்டா என்று மட்டும் பார்க்கும். ஒன்றும் சொல்லாது விட்டால் 2 என்றே கொள்ளும். நிரலாளர் பலர், "சரிபார்ப்பாயாக" என்னும் நல்லெண்ணத்தோடு அவ்விடத்தில் "ஆம்" என்று எழுதினர். கணினிக்கு "ஆம்" என்பது 1. ஆக, காவலை இறுக்குவதாக எண்ணிக் காவலைத் தளர்த்திவிட்டனர்! எந்தப் பெயருக்கு வழங்கிய எந்த நற்பத்திரத்தைக் கொண்டு வந்தாலும் அந்நிரல்கள் ஏற்றுக்கொண்டன. நூலகத்தை ஆக்கியோர் பின்னர் இந்தப் பொறியை நீக்கிவிட்டனர். ஆயினும் பாடம் நிலைத்திருக்கிறது. சரிபார்க்கச் சொல்லியாயிற்று என்பது வேறு. சரிபார்க்கிறதா என்று பார்த்தாயிற்று என்பது வேறு.

அவ்வாறாயின் அந்த வெள்ளவத்தை இளைஞர் செய்யத்தக்கது யாது? சரிபார்ப்பை நிறுத்துவதற்குப் பதிலாக, சரிபார்ப்பில் தேறக்கூடிய பத்திரம் ஒன்றை அவரே ஆக்கிக்கொள்ளலாம். அது கடினமன்று. முதலில் சோதனைக்கென்று ஒரு மூல அதிகாரியை உண்டாக்க வேண்டும். அஃதாவது ஒரு சோடித் திறப்புகளையும், அதிகாரி என்று தன்னைத் தானே அறிவிக்கும் ஒரு பத்திரத்தையும் ஆக்குவது. ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்னும் இலவசக் கருவி இதற்குப் போதும். இரண்டாவதாக, சோதனை வழங்கிக்கு வேறொரு சோடித் திறப்புகளை ஆக்கி, அதன் பத்திரத்துக்கு அந்த மூல அதிகாரியைக் கொண்டு ஒப்பமிட வேண்டும். மூன்றாவதாக, அந்த மூல அதிகாரியின் பத்திரத்தைக் கேட்கும் நிரலின் சோதனைக்கால நம்பிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். இப்போது நிரல் மறுக்காது. ஒரு வரியையும் நிறுத்த வேண்டியதில்லை. உண்மை வழங்கி ஆயத்தமாகும் நாளில் பட்டியலை மட்டும் மாற்றினால் நிரல் மாறாதிருக்கும். சோதிக்கப்பட்ட நிரலும் கடைக்குச் செல்லும் நிரலும் ஒன்றே என்னும் உறுதி அப்போது கிடைக்கிறது.

பெயர் விடயத்தில் மூன்று நுட்பங்களைக் கவனிக்க வேண்டும். பழைய நாளில் பத்திரத்தின் தலைப்பிலேயே வழங்கியின் பெயரை எழுதுவர். இப்போது அதனைப் பார்ப்பதில்லை. மாற்றுப் பெயர்கள் என்னும் தனிப் பகுதியில் எழுதப்பட்டவையே செல்லும். கூகுளின் குரோம் உலாவி 2017 முதல் தலைப்புப் பெயரை ஏற்பதில்லை. இது ஒன்று. 127.0.0.1 என்னும் எண் விலாசத்தினால் வழங்கியை அழைப்பதாயின், அதனை எண் விலாசம் என்னும் வகையிலேயே எழுத வேண்டும். பெயர் வகையில் எழுதினால் நிரல் மறுக்கும். இது இரண்டு. மூன்றாவது தமிழர்க்குச் சிறப்பாக உரியது. 2010 ஆம் ஆண்டில், எல்.கே. என்பதோடு ".இலங்கை" என்னும் தமிழ் முடிவும் இணையப் பெயர்களுக்குக் கிடைத்தது. ஆனால் பத்திரத்தினுள் தமிழ் எழுத்து அவ்வண்ணமே எழுதப்படுவதில்லை. எக்ஸ், என் என்னும் இரு ஆங்கில எழுத்துக்களும் இரு சிறு கோடுகளும் முன்னிற்க, அதன் பின் குறியீடாக மாற்றியே எழுதப்படுகிறது. தமிழ்ப் பெயருள்ள தளத்தைச் சோதிப்பவர் இதனை மறந்தால், கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரு பெயர்களைக் கணினி வேறென்று சொல்வதைக் கண்டு திகைப்பார்.

சோதனைக்கு எடுக்கும் பெயரிலும் ஒழுங்கு வேண்டும். பிறர் பதிவு செய்திருக்கும் பெயரை எடுத்தல் ஆகாது. 1999 ஆம் ஆண்டிலேயே, "ரெஸ்ட்" என்று முடியும் பெயர்களும், அவரவர் சொந்தக் கணினியைக் குறிக்கும் "லோக்கல்ஹோஸ்ற்" என்னும் பெயரும் இத்தகைய தேவைகளுக்கென்றே ஒதுக்கி வைக்கப்பட்டன. அவற்றை எவரும் விலைக்கு வாங்க முடியாது. ஆகவே சோதனைச் செய்தி வழிதவறி அந்நியர் வாசலுக்குச் செல்லாது.

இவ்வளவும் செய்து நிரல் வழங்கியோடு பேசிவிட்டது. சோதனை முடிந்ததா? இல்லை, பாதிதான் முடிந்தது. நல்ல பத்திரத்தை ஏற்றுக்கொண்டது என்பதனால் தீய பத்திரத்தை மறுக்கும் என்பது பெறப்படாது. யாரையும் உள்ளே விடும் வாயிற்காவலனும் நல்லவரை உள்ளே விடுகிறான் அல்லவா? அவனுடைய தகுதி தெரிவது கள்ளன் வரும்போது. ஆகவே சோதிப்பவர் வேண்டுமென்றே கெட்ட பத்திரங்களை ஆக்கி நீட்ட வேண்டும். தன்னிடமே அதிகாரி இருப்பதனால் இதுவும் எளிது.

நேற்றோடு காலம் முடிந்த பத்திரம் ஒன்று, நாளைதான் காலம் தொடங்கும் பத்திரம் ஒன்று, பெயர் மாறிய பத்திரம் ஒன்று, பட்டியலில் இல்லாத அதிகாரி ஒப்பமிட்டது ஒன்று, இடையிலுள்ள அதிகாரியின் பத்திரத்தை அனுப்ப மறந்த வழங்கி ஒன்று, 1.0 ஆம் பதிப்பில் மட்டும் பேசும் பழைய வழங்கி ஒன்று. இவை ஒவ்வொன்றோடும் நிரல் பேச மறுக்க வேண்டும். மறுத்தால் சோதனையில் வெற்றி, பேசிவிட்டால் தோல்வி. மறுக்கும்போது காரணத்தையும் தெளிவாகச் சொல்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மறுத்த பின் சத்தமின்றி உறையில்லாத சாதாரண எச்.ரி.ரி.பி. வழியில் செய்தியை அனுப்பிவிடும் நிரலும் உண்டு. அஃது எல்லாவற்றிலும் கேடு.

இடை அதிகாரியின் பத்திரத்தை அனுப்ப மறப்பது பற்றி ஒரு சொல். உலாவிகள் சில, விடுபட்ட அப்பத்திரத்தைத் தாமே தேடிக்கொள்ளும். ஆகவே உலாவியில் பார்த்த நிரலாளர் எல்லாம் சரியென்று எண்ணுவார். ஆனால் மருந்துக் கடையின் நிரல் தேடத் தெரியாது நின்றுவிடும். அவர் குற்றம் நிரலில் என்று எண்ணிச் சரிபார்ப்பை நிறுத்துவார்; குற்றமோ வழங்கியில். நோய் ஓரிடம், மருந்து வேறிடம் என்பது இதுவே. அதுபோலவே கடைக் கணினியின் கடிகாரக் கலம் பழுதாகி, நாள் பல ஆண்டுகள் பின்னே சென்றுவிட்டால், எல்லாப் பத்திரங்களும் இன்னும் காலம் தொடங்காதவையாகத் தோன்றும். அங்கும் திருத்த வேண்டியது கடிகாரத்தையே.

சில இடங்களில் வழங்கி மட்டுமன்றிக் கேட்பவரும் பத்திரம் காட்ட வேண்டும். வங்கி போன்ற நிறுவனங்கள், தம்மோடு பேசும் கடையின் கணினி எது என்று அறிய விரும்பும். அப்போது சோதனையும் இரு பக்கமும் நடைபெற வேண்டும். பத்திரம் இல்லாது வந்தவரையும், வேறோர் அதிகாரியின் பத்திரத்தோடு வந்தவரையும் வழங்கி திருப்பி அனுப்புகிறதா? நல்ல பத்திரத்தோடு வந்தவரை, அவருக்குரிய கணக்குக்குள் மட்டும் விடுகிறதா? உரிய பத்திரம் உண்டு என்பதனால் ஒரு கடை இன்னொரு கடையின் கணக்கைப் பார்த்தல் தகாது.

நிற்க. தாமே ஓர் அதிகாரியை ஆக்கிக்கொள்ளும் இம்முறையில் ஓர் ஆபத்தும் உண்டு. அந்தச் சோதனை அதிகாரியின் இரகசியத் திறப்பு எவன் கைக்குச் சென்றாலும், அதை நம்பும் கணினிகளிடம் அவன் எந்தப் பெயரையும் பூண்டு வரலாம். 2015 ஆம் ஆண்டில் லெனோவோ நிறுவனத்தின் மடிக்கணினிகள் சிலவற்றில், சூப்பர்பிஷ் என்னும் விளம்பர நிரல் தன் மூல அதிகாரியை நம்பிக்கைப் பட்டியலில் சேர்த்திருந்தமை வெளியாயிற்று. எல்லாக் கணினிகளிலும் ஒரே இரகசியத் திறப்பு. அதுவும் கணினியினுள்ளேயே இருந்தது. ஆராய்ந்தவர்கள் அதனை விரைவில் எடுத்துவிட்டனர். வீடுதோறும் ஒரே திறப்பைக் கொடுத்து, அதையும் வாசற்படியின் கீழ் வைத்தாற் போலாயிற்று. 2011 இல் நெதர்லாந்தின் டிஜிநோற்றார் என்னும் அத்தாட்சி அதிகாரியின் கணினிகளுள் புகுந்தவர்கள் நூற்றுக்கணக்கான போலிப் பத்திரங்களை ஆக்கிக்கொண்டனர். கூகுளின் பெயரிலான ஒன்று ஈரான் நாட்டு மக்களை ஒற்றறியப் பயன்பட்டது. உலாவிகள் அந்நிறுவனத்தைப் பட்டியலிலிருந்து நீக்கின. அவ்வாண்டு செப்தெம்பரிலேயே அது முறிந்து போயிற்று.

ஆகவே சோதனை அதிகாரியின் இரகசியத் திறப்பைப் பலரும் பார்க்கும் நிரற் களஞ்சியத்தில் வைத்தலாகாது. கடைக்குச் செல்லும் கணினியின் நம்பிக்கைப் பட்டியலில் அதன் பத்திரத்தைச் சேர்த்தலாகாது. அதற்குச் சில நாள் ஆயுளே கொடுக்க வேண்டும். இயலுமாயின் சோதனை தொடங்கும்போது ஆக்கி, முடிந்தவுடன் அழித்துவிடுவது நன்று.

பத்திரத்தின் ஆயுள் பற்றிய கவலையும் இப்போது கூடி வருகிறது. 2021 செப்தெம்பர் 30 ஆம் நாள் பழைய மூல அதிகாரி ஒன்றின் காலம் முடிந்தபோது, புதுப்பிக்கப்படாத பல கருவிகளும் நிரல்களும் உலகெங்கும் தடுமாறின. 2015 இன் இறுதியிலிருந்து பொதுமக்களுக்கு இலவசமாகப் பத்திரம் வழங்கும் லெற்ஸ் என்கிறிப்ற் என்னும் அமைப்பு, அவற்றுக்குத் தொண்ணூறு நாள் ஆயுளையே வழமையாக்கியது. பொதுப் பத்திரங்களின் உச்ச ஆயுளைப் படிப்படியாகக் குறைத்து, 2029 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் 47 நாளாக்குவதென்று அதிகாரிகளும் உலாவி நிறுவனங்களும் 2025 இல் தீர்மானித்துள்ளனர். கையினால் புதுப்பிக்கும் வழக்கம் இனிச் செல்லாது. நிரலே புதுப்பிக்க வேண்டும். அந்தப் புதுப்பித்தலையும் சோதிக்க வேண்டும். அதற்கென லெற்ஸ் என்கிறிப்ற் தனியாக ஒரு சோதனை வழங்கியை நடத்துகிறது. அதன் பத்திரங்களை உலாவிகள் நம்பா. ஆகவே அங்கே எத்தனை முறை தவறினாலும் கேடில்லை.

இலங்கையில் 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம், இலத்திரனியல் ஒப்பத்துக்குச் சட்ட மதிப்பை அளித்தது. சட்டம் ஒப்பத்தை மதிக்கிறது. ஆனால் அவ்வொப்பத்தைப் பார்க்க வேண்டிய நிரல் பாராது விட்டால், மதிப்புள்ள ஒப்பமும் வெறும் கீறலே. பார்க்கும்படி செய்வது நிரலாளரின் கடமை. பார்க்கிறதா என்று கேட்பது கடைக்காரரின் உரிமை. கொட்டாஞ்சேனைக் கடைக்காரர் இந்த நுட்பங்களை அறிய வேண்டியதில்லை. நிரலைக் கொண்டு வருபவரிடம் அவர் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டால் போதும்: "தம்பி, பொய்ப் பத்திரத்தோடு ஒருவன் வந்தால் இது என்ன செய்யும்? எனக்கு ஒருமுறை செய்து காட்டும்." செய்து காட்டக்கூடிய இளைஞர் வேலையை முடித்தவர். செய்து காட்ட இயலாதவர் மீண்டும் மாடி அறைக்குச் சென்று, "பிறகு எடுத்துவிடலாம்" என்று எழுதி வைத்த அந்த வரியைத் தேடி எடுத்துவிட்டு வருவாராக.